கனகாம்பரம்

கனகாம்பரம் முண்மூலிகைக் குடும்பத்துப் பல்லாண்டுக் குறுஞ்செடி. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. 1759-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை ஜஸ்டிசியா பேரினத்தில் வைத்தார். 1832-இல் நீஸ் என்ற தாவரவியலாளர் கிராசாண்ட்ரா பேரினத்துக்கு மாற்றினார். தமிழ்நாட்டில் இதைச் சரம் தொடுக்கும் வயல் பயிராகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்து இடையஞ்சாவடி போன்ற செம்மண் ஊர்களில் மர நிழலுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்செடி அரிது. மார்கழியோடு மழை ஓய்ந்த பின் வேகமெடுக்கும் பூப்பு, பல செடிகள் வாடும் பங்குனி, சித்திரையிலும் நிற்காது.

நிழலுக்கு ஏற்றது என்பதற்குச் செடியின் உடலமைப்பே சான்று. காட்டில் இது மரங்களுக்குக் கீழே வளர்வது. அகன்ற, பளபளப்பான கரும்பச்சை இலைகள் வடிகட்டி விழும் வெளிச்சத்துக்கு ஏற்றவை. நாற்பக்கக் கதிரில் பச்சைச் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றினூடே நீண்ட மெல்லிய குழலுடன் பூக்கள் கீழிருந்து மேலாகச் சில சிலவாக விரியும். ஐந்து மடல்களும் ஒரே பக்கம் விசிறிபோல் சாய்ந்திருக்கும். பூக்கள் சில சிலவாக விரிவதால் ஒரு கதிரே பல நாள் பூத்திருக்கும். காய்ந்த காய் நீர் பட்டதும் வெடித்து விதைகளை எறியும். முதல் மழையிலேயே விதை ஈர மண்ணைச் சேர, தாய்ச்செடியைச் சுற்றிக் கன்றுகள் முளைக்கின்றன. ஐரோப்பாவில் இதை நேரடி வெயில் படாத சன்னலோரத் தொட்டிச் செடியாக வளர்ப்பதும் நிழல் தாங்கும் இயல்பை நம்பித்தான்.

வெட்டவெளி வயலில் நன்றாக விளைகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்த விளைச்சலுக்குப் பின்னால் ஓயாத பாசனமும் உரமும் இருக்கின்றன. உழவருக்குப் பூவின் எடை முக்கியம்; தோட்டத்துக்குச் செடியின் ஆயுள் முக்கியம். அடர்நிழலில் பூ குறையும் என்பதும் சரியே. எனவே காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடமே நல்லது. வேம்பின் கிழக்குப் புறம் போதும். இன்னும் வலுவான தடை நூற்புழுவும் வாடல் நோயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேரடியில் நீர் தேங்கினால் வாடல் எளிதில் தொற்றும். சரிவான செம்மண்ணில் தண்ணீர் வடிந்துவிடும். இடையிடையே துலுக்கச் சாமந்தி நட்டால் நூற்புழுவும் மட்டுப்படும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய உவர்மண்ணுக்கு இச்செடியைப் பரிந்துரைக்க முடியாது. அங்கே தொட்டியும் சேமித்த மழைநீரும்தான் வழி.

ரகத் தேர்விலும் கவனம் வேண்டும். சந்தையில் பெயர்பெற்ற டெல்லி கனகாம்பரம் மும்மய ரகம். விதை கட்டாது, தண்டை வெட்டித்தான் நட வேண்டும். தானே பரவும் நிழல்பாத்தி வேண்டுமென்றால் விதை கட்டும் நாட்டு வகையே நல்லது. பூ முடிந்த கதிர்களைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். சில கதிர்களை மட்டும் காயவிட்டு, மழைக்கு முன் துணிப்பை கட்டி வைத்தால் விதை கிடைக்கும்.