முதல் வகுப்பும் பெற்றோரும்



ஜூன் திங்கள் பிறந்ததும் நம் ஊர்த் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு ஒரு குழந்தை பள்ளியை நோக்கி நடக்கும். வழியெல்லாம் பேசிக்கொண்டு வரும் அக்குழந்தை, பள்ளி வாயிலைக் கண்டதும் அழும். உள்ளே சென்றபின் அங்கே என்ன நிகழ்கிறது என்பதைப் பெற்றோரில் பெரும்பாலோர் அறியார். மாலையில் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பர். அடுத்த வீட்டுக் குழந்தை ‘ஔ’ வரை எழுதிவிட, தம் குழந்தை ‘இ’யிலேயே நிற்குமானால் அன்றிரவு அவர்களுக்கு உறக்கம் வாராது. அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் வகுப்பு என்னும் அறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்விரண்டையும் சேர்த்துச் சிறிது சொல்லக் கருதுகிறேன்.

நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஏறும் ‘வகுப்பு’ இல்லை. 1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாவட்டம்தோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். 1826-இல் அவர் தொகுத்த குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். ஆட்சியர்கள் அனுப்பிய விடைகளுள் விரிவானது பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823-இல் எழுதியது. பெல்லாரி தமிழ் நிலம் அன்று. எனினும் அவர் தீட்டிய பள்ளி நம் திண்ணைப் பள்ளியின் உடன்பிறப்பே. ஐந்து வயதில் குழந்தையை அழைத்து வருவர். பரப்பிய அரிசியில் அதன் விரலைப் பிடித்து எழுத்து வரைவிப்பர். பின்னர் மணலில் எழுதிப் பழகுதல். மணலில் கை தேறிய பிறகே ஓலையோ பலகையோ கிடைக்கும். காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவர். இரண்டாவது வந்தவனுக்கு ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. அதன்பின் வருபவர்க்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும்!

அடியைப் பற்றிப் பேசும்போது உண்மையை மறைத்தல் கூடாது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் முதலிய கொடிய தண்டனைகள் நம் திண்ணைகளில் இருந்தன. பொருள் விளங்காத செய்யுளை நெட்டுருப் போடுவித்தனர். பழமை என்ற ஒரே காரணத்தால் இவற்றைப் போற்றுதற்கில்லை. ஆயினும் அத்திண்ணையில் ஒரு நற்பண்பு இருந்தது. ஒரு பிள்ளை எழுத்தைக் கற்கும்வரை அதிலேயே நிற்கலாம். ‘ஆண்டு முடிந்தது, நீ தேறவில்லை’ என்று சொல்வார் எவருமிலர். மேலும், அவனுக்கு நாள்தோறும் எழுத்தறிவித்தவன் பெரும்பாலும் ஆசிரியன் அல்லன். அவனினும் சற்று மூத்த மற்றொரு பிள்ளை. சட்டாம்பிள்ளை என்ற பெயரைக் கேட்டவுடன் பிரம்புதான் நம் நினைவுக்கு வருகிறது. அவன் பாடமும் சொல்லிக் கொடுத்தான் என்பதை மறந்துவிட்டோம்.

இதனைக் கூர்ந்து கண்டவர் பிறப்பால் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஆண்ட்ரூ பெல் என்னும் அப்பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தைக் கண்காணித்தார். ஒருநாள் வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சிறுவர் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். உடனே தம் இல்லத்திலும் எழுத்து பயிலும் சிறுவர்க்கு மணலைப் பரப்பச் சொன்னார். அங்கிருந்த உதவியாசிரியர்க்கு அது பிடிக்கவில்லை; தம்மால் இயலாது என்றார். பெல் வாதாடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்ற சிறுவனை அழைத்து, அரிச்சுவடிப் பிள்ளைகளை அவனிடம் ஒப்புவித்தார். பிரிஸ்கனுக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம். ஒரு சாதாரணப் படைவீரனின் மகன். பெரியவர் இயலாது என்று கைவிட்ட வகுப்பை அச்சிறுவன் நடத்திக் காட்டினான்.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே இலண்டனில் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதனையொத்த முறையொன்றை நடத்திப் புகழ் பெற்றார். ‘சென்னை முறை’ என்ற பெயரால் இங்கிலாந்தெங்கும் பள்ளிகள் எழுந்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பொருளால் தோன்றிய பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே வழங்குகிறது. ஆனால் அயல்நாட்டார் எடுத்துக்கொண்டது மரத்தையா, நிழலையா? நூற்றுக்கணக்கான சிறுவரை ஒரே ஆசிரியரைக் கொண்டு மலிவாக நடத்தலாம் என்பதே அவர்களைக் கவர்ந்தது. படைப்பயிற்சி போன்ற வரிசைகளும் கட்டளைகளும் மிகுந்தன. பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்து எழுத்துக் கற்கும் இயல்பு அந்த ஆரவாரத்தில் மங்கிப்போயிற்று.

இங்கேயும் காலம் மாறியது. அரசின் உதவித்தொகை பள்ளிகளுக்குக் கிடைக்கலாயிற்று, நன்மைதான். ஆனால் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறினர் என்று எண்ணி அதற்கேற்பப் பணம் தரும் முறை வந்தது. 1882-இல் அமைந்த ஹண்டர் குழுவும் தொடக்கப் பள்ளிகளுக்கு அதனை ஆதரித்தது. தேறாத பிள்ளை பள்ளிக்குப் பொருள் ஈட்டித் தராத பிள்ளை ஆயிற்று. பிந்தி நிற்பது அதுவரை ஒரு நிலை. அன்று முதல் அது ஒரு குறை.

இதன் விளைவை 1929-இல் ஹார்டாக் குழு எடுத்துக்காட்டியது. முதல் வகுப்பில் சேர்ந்த சிறுவருள் மூன்றாண்டுகளுக்குப் பின் நான்காம் வகுப்பை எட்டியவர் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. எஞ்சியோர் இடையிலே நின்றனர், அல்லது ஒரே வகுப்பில் தேங்கினர். இடையில் நின்றதை ‘வீணாதல்’ என்றும், ஒரே வகுப்பில் நின்றதைத் ‘தேக்கம்’ என்றும் அக்குழு பெயரிட்டது.

அத்தேக்கத்தில் சிக்கியவர்களுள் என் பாட்டியும் ஒருவர். 1920-களில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் முதல் வகுப்பில் ஈராண்டு இருந்தார். இரண்டாம் முறையும் தேறவில்லை என்று சொல்லப்பட்டதும், ‘இவளுக்குப் படிப்பு ஏறாது’ என்று வீட்டார் நிறுத்திவிட்டனர். இருபத்தொரு புள்ளிக் கோலத்தைக் கணக்குப் பிசகாமல் இடுவார். பால்காரர் கணக்கை மனத்திலேயே கூட்டுவார். அவருக்கா படிப்பு ஏறாது! நான் முதல் வகுப்பில் சேர்ந்து சிலேட்டும் பலப்பமுமாய் வீட்டிற்கு வந்த நாள்களில், என் பக்கத்தில் அமர்ந்து, நான் எழுதிய எழுத்தின்மேல் தம் விரலை ஓட்டிப் பார்ப்பார். ‘ழ’கரத்தின் சுழியை அவர்தாம் எனக்குச் செம்மையாக வரைந்து காட்டினார்.

பாட்டியேனும் பள்ளியின் உள்ளே சென்றவர். மன்றோவின் கணக்கிலே பெண்பிள்ளைகள் 4,540 பேரே. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கோ திண்ணை எட்டாத உயரத்தில் இருந்தது. பக்கத்தில் இருப்பவனிடம் கற்றல் என்று புகழ்கின்றோமே, பக்கத்தில் அமர இடங்கொடாத பள்ளியில் அது எங்ஙனம் நிகழும்? அவ்விடத்தை உண்டாக்கியதில் சோற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. 1920-இல் சென்னை நகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு அளித்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலமெங்கும் பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. ஒரே பந்தியில் உண்ட பிள்ளைகள் ஒரே பாயில் அமர்ந்து படிக்கலாயினர்.

பாய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-இல் மாநிலத்தின் அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் சென்றது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார். சுவரில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடிற்று. அட்டைகளை ஏணிப்படி போல அடுக்கி, அவரவர் படியில் அவரவர் நின்று கற்றனர். பெற்றோர் சிலர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘பிள்ளைகள் தரையில் விளையாடுகின்றனவே, பாடம் எப்போது?’ என்று குறைப்பட்டனர். தம் பாட்டனார் திண்ணை மணலில் அமர்ந்து அவ்வாறே கற்றதை அவர்கள் அறிந்திலர். அம்முறை பின்னர்ப் பல மாற்றங்களை அடைந்தது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என நிலைகள் வகுத்தனர். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் தேவையாயின் அரும்பிலிருந்து தொடங்கலாம், அதில் இழிவில்லை.

ஆதலின், பெற்றோரே, உங்கள் குழந்தையின் வகுப்பறைக்குச் செல்லும்போது ஏட்டை முதலில் கேளாதீர்கள். கரும்பலகை யார் கைக்கு எட்டுகிறது என்று பாருங்கள். ஓர் ஆசிரியரிடம் எத்தனை குழந்தைகள் என்று எண்ணுங்கள். தொடக்க வகுப்புகளில் முப்பதின்மருக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. குழந்தையை அடித்தலையும் மனம் புண்படுத்துதலையும் அச்சட்டம் தடை செய்துள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோர்க்கே உரியது. அக்கூட்டத்திற்கு மறவாமல் செல்லுங்கள். மாலையில் குழந்தை வீடு திரும்பியதும், ‘என்ன எழுதினாய்?’ என்பதற்கு முன் ‘யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்? அவன் உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தான்? நீ அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய்?’ என்று கேளுங்கள். விடை வரச் சிறிது நேரம் ஆகும்; பெரும்பாலும் உணவு உண்ணும்போதுதான் வரும்.