கேள்விக்குப் பதில் காற்று: ராஜாவின் இரண்டாவது ஆல்பம்

போன பௌர்ணமிக்கு நானும் அப்பாவும் கிரிவலம் போயிருந்தோம். மொத்தம் 14 கிலோமீட்டர். பாதி தூரம் தாண்டினா, ஊர்க்கூட்டம் கொஞ்சம் குறைஞ்சு, மலையோட பின்பக்கம் தெரியுற இடத்துல அடி அண்ணாமலை வரும். அப்பாவுக்குக் கால் வலி, அதனால டீக்கடையில உட்கார்ந்தோம். என் இயர்போன்ல ஒண்ணைப் பிடுங்கித் தன் காதுல வெச்சுக்கிட்டார். ரெண்டு நிமிஷம் கேட்டிருப்பார். "டேய், கேசட்டுல இதுக்கு அடுத்து இது வராதே?"ன்னார். நான் ஷஃபிள்ல போட்டிருந்தேன்.

ஓடிக்கிட்டிருந்தது 1988-ல் வந்த 'நத்திங் பட் விண்ட்'. வாத்திய இசைக்காகவே இளையராஜா செய்த ஆல்பங்கள்ல ரெண்டாவது. முதல் ஆல்பமான 'ஹவ் டு நேம் இட்' பத்தி நம்ம வயசுப் பசங்க நிறையப் பேசுறோம். ரெண்டாவதைப் பத்தி என் நண்பர்கள் யாருமே பேசிக் கேட்டதில்லை. அதனால இன்னைக்கு இதோட கதை.

ஏன் செய்தார்?

முதல்ல அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. 1976-ல் 'அன்னக்கிளி'. 1987-ல் 'நாயகன்', அது அவருக்கு 400-வது படம். கணக்குப் போட்டா பதினோரு வருஷத்துக்கு மேல, சராசரியா பத்து நாளைக்கு ஒரு படம்! ஒரு ஸ்பிரிண்டுக்கு ரெண்டு வாரம் கொடுத்தாலே நாங்க ஆபீஸ்ல புலம்புறோம்.

இவ்வளவு வேலைக்கு நடுவுல, யாரும் கேட்காத ஒரு விஷயத்தை ஒருத்தர் ஏன் செய்யணும்? சினிமாவுல டைரக்டர் ஒரு சிச்சுவேஷன் சொல்வார். பாட்டு ஐந்து நிமிஷத்துல முடியணும், பின்னணி இசை காட்சி வெட்டுற இடத்துல நிக்கணும். ஆல்பத்துல அந்தக் கயிறு இல்லை. இசை எங்கே முடியணும்னு இசையே முடிவு பண்ணும்.

முதல் ஆல்பம் போட்ட சண்டை

1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வயலின் வி.எஸ். நரசிம்மன். பாலு மகேந்திரா தன்னோட 'வீடு' படத்துக்கு இதையே பின்னணி இசையா எடுத்துக்கிட்டார்.

இதுல உள்ள பெயர்களைப் பாருங்க. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', அதாவது என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன். இன்னொண்ணு 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதே. ஆல்பத்தோட பெயரே ஒரு கேள்வி: இதுக்கு என்னன்னு பேர் வைக்கிறது? கர்நாடகமா, மேற்கத்தியமா, ரெண்டும் இல்லையா? பண்ணைப்புரத்துல அண்ணன் பாவலர் வரதராஜனோட கச்சேரிக் குழுவுல ஆர்மோனியம் வாசிச்சவர், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்சவர், 'நீ எந்தப் பக்கம்?'ங்கிற கேள்வியைத் தாண்டித்தான் வந்திருக்கணும். முதல் ஆல்பத்துல அந்த விவாதம் எனக்கு நல்லாவே கேட்குது.

ரெண்டாவது ஆல்பத்தோட பெயரை அந்தக் கேள்விக்குப் பதிலா வாசிச்சுப் பாருங்க. ஹவ் டு நேம் இட்? நத்திங் பட் விண்ட். இதுக்கு எப்படிப் பேர் வைக்க? காற்று, அவ்வளவுதான். அவர் அப்படி நினைச்சுத்தான் வெச்சாருன்னு நான் சொல்லலை. ஆனா வரிசையா கேட்டா அப்படித்தான் விழுது. தென்றல், புயல், மூச்சு எல்லாமே காற்றோட வடிவம், இசையும் அதே மாதிரி ஒரு இயற்கை நிகழ்வுங்கிறதுதான் ஆல்பத்தோட கருத்து. ஒரு டிராக் பெயர் 'கம்போசர்ஸ் பிரெத்', இசையமைப்பாளரோட மூச்சு. அவர் முதல்ல வாசிச்ச ஆர்மோனியமும் துருத்தியில காற்றடிச்சுத்தானே பாடுது?

லண்டனுக்குப் போன புல்லாங்குழல்

இதுல புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. கூட 50 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. சௌராசியா அலகாபாத்காரர், அப்பா மல்யுத்த வீரர். பிறகு அன்னபூர்ணா தேவிகிட்ட கத்துக்கிட்டவர்.

இங்க ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கு. 1968 ஜனவரியில பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய் வந்து எச்.எம்.வி. ஸ்டுடியோவுல ரெக்கார்ட் பண்ணார். அங்க பதிவான 'தி இன்னர் லைட்' பாட்டுல வாசிச்ச இந்தியக் கலைஞர்கள்ல சௌராசியாவும் ஒருத்தர். டிராக் பம்பாய்ல பதிவாச்சு. குரலை அப்புறம் லண்டன்ல சேர்த்தாங்க. பாட்டு ஒரு பிரிட்டிஷ் பேண்டோட பெயர்ல வெளியாச்சு.

சரியா 20 வருஷம் கழிச்சு அதே மூச்சு இன்னொரு கிழக்கு-மேற்கு ஆல்பத்துல கேட்குது. இந்தத் தடவை மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவுக்கு நோட்ஸ் எழுதினது ஒரு தமிழர். அவங்க பாட்டுக்கு நம்ம வாத்தியம் நிறம் கொடுத்த காலம் போய், அவங்க வாத்தியங்களை வெச்சு நம்ம ஆள் எழுதுறார். 'ஃப்யூஷன்'னு ஒரே வார்த்தையில ரெண்டையும் அடைக்கிறது எனக்கு நியாயமா படலை.

டெக்னிக்கலாவும் இது கஷ்டமான வேலை. 50 பேர் சேர்ந்து வாசிக்கணும்னா ஒவ்வொரு ஸ்வரமும் பேப்பர்ல இருக்கணும். இந்துஸ்தானிக் குழலோட அழகு பேப்பர்ல இல்லாத இடத்துலதான் இருக்கு. ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போற அந்த இழைவுல. எழுதின இசையும் எழுதாத இசையும் ஒரே அறையில எப்படிக் குடித்தனம் பண்றது? சில இடங்கள்ல ரெண்டும் முறைவெச்சுப் பேசுறதோட நின்னுடுதுன்னு எனக்குத் தோணும். ஆனா குழல் தாழ்ந்து, அதே மூச்சை வயலின் கூட்டம் வாங்கிக்கிற இடம் வரும்போது அந்தக் குறை மறந்துடுது.

அதுக்கப்புறம்

இந்தப் பாதை நிக்கலை. 1993-ல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட ஒரு சிம்பொனி பதிவாகி வெளிவராமலே போச்சு. 2005-ல் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோட 'திருவாசகம்'. 2025 மார்ச் 8-ல் லண்டன்ல 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறினப்போ அவருக்கு வயசு 81.

இதுல 'திருவாசகம்' நம்மளை அந்த டீக்கடைக்கே கூட்டிட்டு வருது. மாணிக்கவாசகருக்கு அடி அண்ணாமலையில ஒரு கோயில் இருக்கு. திருவெம்பாவையோட 20 பாட்டும் அவர் திருவண்ணாமலையில பாடினதுங்கிறது மரபு. காற்றுதான் எல்லாம்னு சொன்னவர், 17 வருஷம் கழிச்சு அந்தக் கவிஞரோட சொல்லுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

டீ முடிஞ்சது. "ஷஃபிளை எடுத்துட்டு முதல்ல இருந்து போடு"ன்னார் அப்பா. அடி அண்ணாமலைக்கு அடுத்து வர்றது வாயு லிங்கம். ஆளுக்கு ஒரு இயர்போன். ஒயர் போட்டது, அதனால அவர் வேகத்துக்குத்தான் நான் நடக்க முடிஞ்சுது. நீங்களும் கேளுங்க, ஆனா வரிசையா கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.