முன்னோக்கிய பந்தும் பின்னோக்கிய பந்தும்
ஜொகூர்க் காற்பந்தும் ஒரு பழைய வழக்கும்

காற்பந்துத் திடலில் ஆடுவோர் இருபத்திருவர், வழக்காடுவோரோ பல்லாயிரவர். ஜொகூர் பாருவின் லார்க்கின் அரங்கிலும், தோட்டப்புறத் தேநீர்க் கடைகளிலும் ஆட்டம் முடிந்த பின்னர் எழும் வினா பெரும்பாலும் ஒன்றே. முன்னே செல்ல வழியிருந்தும் பந்தை ஏன் பின்னே அனுப்பினார்கள்? ஒரு சாரார் இதனைக் கோழைமை என்பர். மற்றொரு சாரார் அறிவுடைமை என்பர். இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாற்றை அறிந்தாலன்றி இரு சாராருள் எவர் பக்கம் நியாயம் உள்ளது என்று துணிதல் அரிது.

பந்து கடத்தலின் பிறப்பு

1863-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காற்பந்துச் சங்கம் வகுத்த முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னே நிற்கும் தோழன் ஆட்டத்திற்குப் புறம்பானவன். ஆதலின் பந்தை முன்னோக்கிக் கடத்துதல் இயலாததாயிற்று. வல்லவன் ஒருவன் பந்தைக் காலோடு உருட்டிச் செல்வான். ஏனையோர் அவன் பின்னே ஓடுவர். 1866-இல் விதி தளர்ந்தது. எதிரணியினர் மூவர் எல்லைக்கோட்டுப் பக்கம் இருப்பின், முன்னே நிற்பவனும் பந்தைப் பெறலாம் என்றாயிற்று.

விதி தளர்ந்தும் பழக்கம் தளரவில்லை. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. ஸ்காட்லாந்து அணியினர் அனைவரும் குயின்ஸ் பார்க் கழகத்தினர்; உடற்கட்டில் ஆங்கிலேயரினும் எளியர். தனித்து ஓடினால் வீழ்த்தப்படுவர் என்பதை உணர்ந்த அவர்கள், பந்தை ஒருவருக்கொருவர் கடத்தி ஆடினர். கோல் எதுவும் விழாமல் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இன்று சிலர் எள்ளும் குறும்பந்துக் கடத்தல், மெலியார் வலியாரை எதிர்நிற்கக் கண்ட வழியாக வளர்ந்ததென்பது இங்கே நினைக்கத்தக்கது.

அமெரிக்கக் கல்லூரிகளில்

அமெரிக்கக் கல்லூரிகளில் வளர்ந்த காற்பந்து வேறு வகையது. அதில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர். அங்கே 1905-இல் ஆட்டக்காரர் பலர் உயிரிழக்க, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அதன் விளைவாக 1906-இல் பந்தை முன்னோக்கி எறிதல் விதியால் ஒப்பப்பட்டது. ஆயினும் எவர் கையும் படாது தரையில் விழுந்த பந்து எதிரணியைச் சேரும் என்ற கடுமையும் உடனிருந்தது. இத்தகைய தண்டனை இருக்கையில் பயிற்றுநர் பலர் எறிதலுக்கு அஞ்சியதில் வியப்பில்லை. 1913-இல் நோட்டர் டேம் கல்லூரி, புகழ்பெற்ற இராணுவக் கல்லூரி அணியை முன்னெறி பந்துகளைக் கொண்டு 35-13 என வென்றது. அந்த வெற்றி அவ்வாட்டத்தின் ஆற்றலை நாடறியச் செய்தது. அதன் பின்னரும், ஓடுவதா எறிவதா என்ற வழக்கு அக்கல்லூரிகளின் அரங்குகளில் ஓய்ந்ததில்லை.

1925-இல் காற்பந்து விதி மீண்டும் மாறியது. மூவர் என்றிருந்தது இருவராயிற்று. இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஒரு பருவத்திற்கு 1,192 ஆக இருந்த கோல்கள், அடுத்த பருவத்தில் 1,703 ஆயின. அதற்கு மாற்றாக ஆர்சனல் கழகத்தின் ஹெர்பர்ட் சாப்மன், நடு ஆட்டக்காரரைப் பின்னிழுத்துத் தற்காப்பில் நிறுத்தினார். தாக்குதலுக்கு உரிமை கூடியபோது, காப்பிற்கும் புதிய முறை பிறந்தது. எச்சரிக்கையும் துணிவும் ஒன்றையொன்று வளர்ப்பன என்பதற்கு இது சான்று.

ஜொகூரின் பாடம்

மலாயாவில் எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் கொடையான கோப்பைக்கு 1921 முதல் போட்டி நடந்தது. பின்னாளில் மலேசியக் கோப்பையாகிய அதனை ஜொகூர் முதன்முறை வென்றது 1985-இல். போட்டி தொடங்கி 64 ஆண்டுகள் சென்ற பின்னரே. 1991-இல் மைக்கேல் உருக்காலோவின் பயிற்சியில் லீக் பட்டத்தையும் கோப்பையையும் ஒருசேர வென்றது. 2013-க்குப் பின் ஜொகூர் டாருல் தாக்சிம் என்னும் பெயரில் எழுந்த கழகம், 2014 முதல் 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டத்தைக் கைக்கொண்டது.

அக்கழகத்தின் வரலாற்றில் நம் வழக்கிற்கு உரிய ஆட்டம், 2015 அக்டோபர் 31 அன்று தஜிகிஸ்தானின் துஷன்பே நகரில் நடந்த ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதியாட்டம். எதிரணி இஸ்திக்லோல், திடலும் கூட்டமும் அவர்களுடையவை. 23-ஆம் நிமிடத்தில் வெலாஸ்கெஸ் கோல் அடித்தார். மீதி 67 நிமிடமும் அந்த ஒரு கோலைக் காத்தல் ஜொகூரின் பணியாயிற்று. 1-0 என வென்று, அக்கோப்பையைப் பெற்ற முதல் தென்கிழக்காசியக் கழகம் என்ற பெயரை அது ஈட்டியது. நம்மவராகிய எஸ். குணாளனும் அவ்வணியைச் சேர்ந்தவர்.

அந்த 67 நிமிடத்தில் ஒரு பந்து தவறி உள்ளே சென்றிருப்பின், காப்பாட்டத்தைப் புகழ்ந்தோரே, முன்னேறித் தாக்காதது ஏன் என்று இகழ்ந்திருப்பர். வென்ற எச்சரிக்கைக்கு விவேகம் என்றும், தோற்ற எச்சரிக்கைக்கு அச்சம் என்றும் பெயரிடுவது கூட்டத்தின் இயல்பு. முடிவைக் கொண்டு முறையை அளப்பது எளிது. ஆனால் ஆடுவோர் முடிவை அறிந்து ஆடுவதில்லை.

திருக்குறள் அளவுகோல் ஒன்றைத் தந்திருக்கிறது. தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் நிரலே அமைந்துள்ளன. வினைத்திட்பத்திற்கும் அங்கே தனி அதிகாரம் உண்டு. துஷன்பேயில் பந்தைக் காத்தது இடமும் காலமும் அறிந்த செயல். வலிமை குன்றிய அணியைத் தன் திடலில் எதிர்கொள்ளும்போதும் அவ்வாறே பின்னோக்கி ஆடினால், அது வலியறியாமை ஆகும். ஆதலின் பார்வையாளரின் முறையீட்டை அறியாமை என்று ஒதுக்கிவிடலும் ஆகாது.

பந்து பின்னே சென்றதா, முன்னே சென்றதா என்பதன்று வினா; எவ்வலிமையில், எப்போது, எங்கே சென்றது என்பதே வினா. அதனைக் கேட்டு வழக்காடுவோர் திடலுக்கு வெளியே இருப்பினும், ஆட்டத்திற்குப் புறம்பானவர் அல்லர்.