நொடிக்கு நாற்பது பிட்: டிசிபிடம்ப் என்னும் கருவி பிறந்த கதை

1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதன் அருகிலேயே உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணையத் தொடர்பு ஏறத்தாழ உயிரற்றுப் போனது. இடைத்தூரம் நானூறு கெஜம். நொடிக்கு 32,000 பிட் கடந்துகொண்டிருந்த தடத்தில் அப்போது கடந்தவை 40 பிட்; அதாவது நொடிக்கு ஐந்து எழுத்து. செய்தியைத் தாளில் எழுதி ஒருவர் நடந்தே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் அதைவிடத் தாமதமாகியிருக்காது.

கம்பி அறுபடவில்லை, இயந்திரம் எதுவும் பழுதாகவுமில்லை. ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கேரல்ஸும் காரணத்தைத் தேடியபோது பழி டிசிபி நெறிமுறையின் நடைமுறைப்படுத்தலின் மீதே விழுந்தது. தாமதமான பொதியைத் தொலைந்ததாகக் கருதி ஒவ்வொரு கணினியும் மீண்டும் அனுப்பியது. அந்த மறு அனுப்புகையே நெரிசலைப் பெருக்கியது. பெருகிய நெரிசல் மேலும் தாமதத்தை விளைவித்தது. 1988இல் ஜேக்கப்சன் வெளியிட்ட நெரிசல் தவிர்ப்புக் கட்டுரை இதற்கான தீர்வுகளை முன்வைத்தது. இணைய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகின்றன. எந்தப் பொதி எந்த நொடியில் சென்றது, எதற்கு மறுமொழி வந்தது, எது இருமுறை சென்றது என்பதை ஒருவர் எப்படிக் கண்டறிந்தார் என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை.

டிசிபியின் செயல்திறனை ஆராயும் அந்தத் தொடர்பணியின் அங்கமாகவே டிசிபிடம்ப் உருவானது. கட்டளை வரியில் இயங்கும் இக்கருவி, கம்பியில் கடக்கும் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வரி அச்சிடும்: நுண்நொடி வரையிலான நேரம், அனுப்புநர், பெறுநர், வரிசை எண், மறுமொழி எண். வரிசை எண்களைத் தொடர்பின் தொடக்கத்திலிருந்து எண்ணிக் காட்டும் அதன் வழக்கம், படிப்பவர் ஒரு தொடர்பின் போக்கைக் கண்ணாலேயே பின்தொடர வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததாகவே தோன்றுகிறது. ஆராய்ச்சியாளர் தம் தேவைக்கு எழுதிக்கொண்ட குறிப்பேட்டின் சாயல் அதில் இன்றும் உண்டு.

தொடக்கத்தில் அதன் சில பகுதிகள் சன் நிறுவனத்தின் ஈதர்ஃபைண்ட் என்னும் நிரலிலிருந்து எடுக்கப்பட்டவை. கருவியை எல்லோருக்கும் தடையின்றி வழங்க வேண்டுமானால் அப்பகுதிகள் நீங்க வேண்டும். அதே ஆய்வகத்தின் ஸ்டீவன் மெக்கேன் அவற்றைப் புதிதாக எழுதினார். அதுவும் ஈதர்ஃபைண்டின் மூலநிரலையோ டிசிபிடம்ப்பின் மூலநிரலையோ பார்க்காமல், கையேட்டில் உள்ள விவரிப்பை மட்டும் கொண்டு. கட்டற்ற மென்பொருளின் வரலாற்றை ஆராய்வோர் இச்சிறு செய்தியைக் கவனிக்க வேண்டும். உரிமச் சிக்கலைத் தவிர்க்க, பார்க்காதிருத்தலையே ஒரு முறையியலாகக் கைக்கொண்ட நிகழ்வு இது. பிறந்ததோ பார்ப்பதற்கான கருவி.

மற்றொரு சிக்கல் வேகம். கடக்கும் எல்லாப் பொதிகளையும் கர்னலிலிருந்து பயனர் நிரலுக்குப் படியெடுத்த பிறகு வேண்டாதவற்றைக் கழிப்பது பெரும் விரயம். வடிகட்டியைக் கர்னலுக்குள்ளேயே வைக்கும் எண்ணம் முன்பே இருந்தது. ஆனால் பழைய வடிகட்டி அடுக்கு முறையில் இயங்கியதால் அன்றைய செயலிகளில் மந்தமாக இருந்தது. மெக்கேனும் ஜேக்கப்சனும் பதிவேடுகளைக் கொண்டு இயங்கும் ஒரு சிறு கற்பனைக் கணினியையே கர்னலுக்குள் அமைத்தனர். பயனர் தட்டச்சிடும் நிபந்தனை அதன் கட்டளைகளாக மொழிபெயர்க்கப்படும். 1993இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வெளியான அவர்களது கட்டுரை, புதிய வடிகட்டி பழையதைவிட 20 மடங்கு வரையும், முழு அமைப்பு சன் நிறுவனத்தின் முறையைவிட 100 மடங்கு வரையும் விரைவானது என்று கணக்கிட்டது. லினக்ஸ் கர்னலில் இன்று பேசப்படும் ஈபிபிஎஃப் அதன் நேரடி வழித்தோன்றல்.

இனி இக்கருவியின் இருண்ட பக்கம். அக்கால ஈதர்நெட் ஒரே கம்பியைப் பலர் பகிர்ந்த அமைப்பு. ஒருவருக்கு அனுப்பியதை அனைவரது கணினியும் கேட்கும். டெல்நெட், எஃப்டிபி ஆகியவற்றில் கடவுச்சொற்கள் மறைப்பின்றியே சென்றன. இதே ஆய்வகத்தில், 1986இலேயே, வானியலாளர் கிளிஃபோர்ட் ஸ்டோல் உள்வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி ஊடுருவியவரைக் கண்காணித்தார். காவலர் செய்ததைக் களவாடுவோரும் செய்ய இயலும் என்பது விரைவில் தெரிந்தது. 1994 பிப்ரவரியில், இணையமெங்கும் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திரட்டப்படுவதாக செர்ட் அமைப்பு எச்சரித்தது. மறு ஆண்டே, அத்தகைய தாக்குதலுக்குள்ளான ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச் நெறிமுறையை எழுதினார்.

இவ்விடத்தில் ஒரு எண் கவனத்துக்குரியது. நெடுங்காலம் டிசிபிடம்ப் ஒவ்வொரு பொதியிலும், வேறு அளவு கேட்கப்படாதவரை, முதல் 68 பைட்டுகளை மட்டுமே பிடித்தது. ஈதர்நெட் தலைப்பு 14, ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20, எஞ்சியவை 14. உள்ளடக்கம் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். இது பிறர் அந்தரங்கத்தைக் காக்க எடுத்த முடிவு என்று சொல்ல இயலாது. நெரிசலை ஆராய்பவருக்குக் கடிதம் தேவையில்லை, உறை போதும். ஆயினும் விளைவு காப்பாகவே அமைந்தது. பின்வந்த பதிப்புகளில் அந்த எல்லை 65,535 ஆகவும், பிறகு 2,62,144 ஆகவும் உயர்ந்தது. இன்று முழுப் பொதியும் பிடிபடுகிறது. ஆனால் அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் மறையாக்கம் பெற்றிருப்பதால், பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிவது மீண்டும் அந்த உறைதான்.