மின்கலமும் முழங்காலும்

மின்சாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன விளக்கும் விசிறியும் ஆகும். மாதந்தோறும் வரும் கட்டணச் சீட்டும் உடன் நினைவுக்கு வரும் என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவர். ஆயினும், மனிதன் மின்சாரத்தால் வீட்டுக்கு விளக்கேற்றக் கற்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, முடங்கிய கையை அசைக்க அதனைத் துணைக்கு அழைத்துவிட்டான். இன்று முழங்கால் நோவென்றும் தோள்பிடிப்பென்றும் இயன்முறை மருத்துவரை நாடாத குடும்பம் நம் காலனிகளில் அரிது. அங்கே தோலின்மேல் ஒட்டப்பெறும் தகடுகளும், சட்டைப்பையில் அடங்கும் சிறு பெட்டியும் எவ்வழி நடந்து நம்மிடம் வந்தன என்பதை அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

முதல் மின்கலம் மனிதன் செய்ததன்று, கடலில் நீந்துவது. உரோமப் பேரரசன் கிளாடியசின் காலத்து மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கி.பி. 47-ஐ ஒட்டி எழுதிய மருந்து நூலில் கீல்வாதத்துக்கு ஒரு வழி கூறியுள்ளார். அலை நனைக்கும் மணலில் உயிருள்ள மின் திருக்கையைக் கிடத்தி, முழங்கால் வரை மரத்துப்போகும்வரை அதன்மேல் பாதத்தை வைத்திருக்க வேண்டும் என்பதே அது. இம்மீன் இனம் நம் சோழமண்டலக் கரைக்கும் புதியதன்று. 1801-இல் மேனாட்டு இயற்கை நூலார் பெயரிட்டுப் பதிந்த ஒரு வகை, நம் தரங்கம்பாடிக் கடலில் கிடைத்ததாகும்.

மின்னைச் சேமித்து வைக்கும் லெய்டன் சாடி 1745, 1746 ஆண்டுகளில் தோன்றியது. அடுத்த இரண்டாண்டுகளுக்குள் ஜெனீவா நகரத்து ஜான் ஜலாபேர், வலக்கை முடங்கிய பூட்டுத் தொழிலாளி ஒருவருக்கு மின் அதிர்ச்சி தந்து பார்த்தார். கையில் அசைவும் சதையும் மீண்டன என்று 1748-இல் நூல் வெளியிட்டார். செய்தி பரவியது. நோயாளிகள் மின்பொறி உள்ள இடமெல்லாம் திரண்டனர். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளினையும் தேடி வந்தனர்.

பிராங்கிளின் 1757-இல் எழுதிய மடலை இத்துறையின் முதல் நேர்மையான சான்று என்றே நாம் கருதுகின்றோம். பக்கவாதமுற்றோருக்கு முதற் சில நாட்களில் சற்றே நலம் தெரிந்தது. ஐந்தாம் நாளுக்குப் பின் முன்னேற்றமே இல்லை. அவர்கள் மனந்தளர்ந்து வீடு திரும்பினர். விரைவில் பழைய நிலையே வந்துற்றது என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். அம்மட்டோடு நில்லாமல், முதலில் தெரிந்த அச்சிறு நலமும் மின்சாரத்தால் வந்ததா, தம் வீட்டுக்கு நாள்தோறும் வந்துபோன பயணமும் நம்பிக்கையும் தந்ததா என்றும் ஐயுற்றார். மருந்து விற்போரிடம் இன்றும் நாம் கேட்கவேண்டிய கேள்வியன்றோ இது!

1800-இல் இத்தாலிய அறிஞர் வோல்டா, வெள்ளியும் துத்தநாகமுமாகிய வட்டுக்களை மாறி மாறி அடுக்கி, இடையே உப்புநீரில் தோய்த்த அட்டையை வைத்து, இடையறாது மின்சாரம் தரும் மின்கலத்தை அமைத்தார். ஆனால் ஒரு தொல்லை. ஒரே சீராகப் பாயும் மின்சாரத்துக்குத் தசை பொதுவாகச் சுருங்குவதில்லை. இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டுமே துடிக்கின்றது. இதற்கு வழி பிறந்தது 1831-இல். பாரடே கண்ட மின்தூண்டலைக் கொண்டு, அழைப்பு மணியில் உள்ளதுபோன்ற சிறு சுத்தியல் ஒன்று மின்கலத்தின் இணைப்பை விட்டுவிட்டுத் துண்டிக்க, கம்பிச்சுருளிலிருந்து விரைவான மின்துடிப்புக்கள் வெளிப்படலாயின. பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் ஈரமாக்கிய மின்முனைகளைத் தோலின்மேல் வைத்து, ஊசி குத்தாமலே வேண்டிய தசையை மட்டும் தனியே சுருங்கச் செய்தார். 1855-இல் வெளிவந்த அவருடைய நூல் மின்மருத்துவத்துக்குப் பாடநூலாயிற்று.

அதே காலத்தில் போலிகளும் பெருகினர். மின்கச்சை கட்டினால் எல்லா நோயும் தீரும் என்று விளம்பரங்கள் முழங்கின. புல்வெர்மாக்கர் என்பாரின் மின்சங்கிலியைப் பிளோபேர் தம் ‘மதாம் பொவாரி’ நாவலில் மருந்துக்கடைக்காரர் ஒருவருக்கு அணிவித்து எள்ளி நகையாடினார் எனின், அதன் புகழை வேறு சொல்ல வேண்டுவதில்லை.

மின்மருத்துவம் உண்மையில் தன் தகுதியைக் காட்டியது முதல் உலகப்போரில். குண்டடியும் எலும்பு முறிவும் பட்ட வீரர்கள் மாதக்கணக்கில் கட்டுக்குள் கிடந்தனர். புண் ஆறியது, எலும்பும் கூடியது, ஆனால் கால் நடக்கவில்லை. காரணம் எளிது. முழங்கால் வீங்கினால், மூட்டிலிருந்து செல்லும் நரம்புச் செய்தி தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசையை அடக்கிவிடுகின்றது. வீரன் முயன்றாலும் தசை முழுமையாகச் சுருங்காது. சுருங்காத தசை சில வாரங்களிலேயே மெலிகின்றது. மெலிந்த தசை மூட்டைத் தாங்குவதில்லை. மூட்டு மீண்டும் வீங்குகின்றது. இத்தீய வட்டத்தை எங்கே அறுப்பது?

இலண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் என்னுமிடத்துப் படை எலும்புமருத்துவ மனையில் பணியாற்றிய ரோலி பிரிஸ்டோ தந்த விடை ஒரு சிறு பெட்டி. மின்கலத்தால் இயங்கும் கம்பிச்சுருளும், அதனுள் தள்ளி இழுக்கத்தக்க இரும்புத் தண்டும் அதில் இருந்தன. தண்டை மெல்ல உட்செலுத்தினால் மின்சாரம் சிறுகச் சிறுக ஏறும். தசை தானே சுருங்குவதுபோல் திரளும். வெளியே இழுத்தால் மெல்லத் தளரும். திடீர்த் துடிப்பில்லை, ஆதலின் நோவும் குறைவு. மருத்துவரின் ஒரு கை மின்முனையைத் தசையின்மேல் பிடித்திருக்க, மறு கை தண்டை ஆட்டும். புண்பட்ட மூட்டை அதிகம் அசைக்காமலே தசைக்கு வேலை தர முடிந்தது. பிரிஸ்டோவின் நூல் 1917-இல் வந்தது. மார்ட்டன் ஸ்மார்ட் என்பவரும் இம்முறையைப் பெரிதும் வளர்த்தமையால், இக்கருவிக்கு ஸ்மார்ட்-பிரிஸ்டோ சுருள் என்றே பெயர் நிலைத்தது. ஒரு பொறியின் நுட்பம் அதன் உறுப்புக்களில் மட்டுமன்று, அதனை ஆட்டும் கையிலும் இருந்த காலம் அது! பின்னர் வந்த மின்னணுக் கருவிகள் அக்கையின் வேலையைத் தாமே செய்யலாயின.

இதற்கோர் எல்லையும் உண்டு. நரம்பு அறுந்த தசை, சுருளின் மிகக் குறுகிய துடிப்புக்களுக்கு இணங்காது. நீண்ட துடிப்புக்களுக்கே அசையும். இவ்வேற்றுமையே நரம்பு உயிரோடுள்ளதா என அறியும் சோதனையாகவும் பயன்பட்டது.

இந்தியாவில் இயன்முறை மருத்துவக் கல்வி வேரூன்றியது இளம்பிள்ளைவாதத்தின் கொடுமையால். நம் போல் பிழைப்பு நாடிச் சென்ற தமிழர் பலர் வாழும் பம்பாயில், கே.இ.எம். மருத்துவமனையில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் 1950-களின் தொடக்கத்தில் பள்ளி அமைந்தது. 1955-இல் இத்துறையினரின் அகில இந்தியச் சங்கம் தோன்றியது. அந்நோய் நாட்டை விட்டு நீங்கியதென 2014-இல் அறிவிக்கப்பெற்றது; அதனை எதிர்த்து எழுந்த துறையோ நம் முதியோரின் முழங்காலுக்குத் துணையாக நிற்கின்றது.

நோவைத் தணிக்கும் கிளை தனியே வளர்ந்தது. 1965-இல் மெல்சாக், வால் என்னும் இருவர், தொடுவுணர்வின் செய்தி தண்டுவடத்தில் நோவின் செய்தியை மறிக்கக்கூடும் என்னும் ‘வாயில் கோட்பாட்டை’ வெளியிட்டனர். அடிபட்ட இடத்தைக் குழந்தை தானே தேய்த்துக்கொள்வதன் விளக்கம் இதுவே போலும். 1967-இல் வால் அவர்களும் ஸ்வீட் அவர்களும் மெல்லிய மின்துடிப்பால் நோவை ஓரளவு தற்காலிகமாக அகற்றிக் காட்டினர். டென்ஸ் என வழங்கும் கருவி அவ்வழி வந்தது.

கடையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். விறுவிறுப்பு மட்டும் தந்து நோவை மறைப்பது டென்ஸ். அதன் பயன் பெரும்பாலும் சில மணி நேரமே. சிலருக்கு அதுவும் இல்லை. தசையைக் கண்காணச் சுருங்கச் செய்வது பிரிஸ்டோ வழி வந்தது. முழங்கால் அறுவைக்குப்பின் உடற்பயிற்சியுடன் சேர்த்துத் தந்தால் தொடைத் தசை விரைந்து வலுப்பெறுகின்றது என ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிற்சியை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் நம்புவோர்க்கு அதே பயன் கிட்டுவதில்லை. இதயமுடுக்கி பொருத்தப்பெற்ற முதியோர் மருத்துவரைக் கேளாமல் இவ்விரண்டில் எதனையும் தொடலாகாது. ஒரு மின்கலத்தின் துடிப்பு மற்றொரு மின்கலத்தைக் குழப்பிவிடக்கூடும்.