ஸ்கந்தபுரம்: நிலச் சீரழிவும் மீட்பும்

ஸ்கந்தபுரம், கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, கரைச்சிப் பிரதேச செயலர் பிரிவில் அக்கராயன்குளத்தை அண்டி அமைந்த கமக்காரக் கிராமம். காடு வெட்டிக் குடியேறிய வன்னி ஊர்களுள் இதுவும் ஒன்று. நெல்வயல், மேட்டுநிலப் பயிர், வீட்டுத்தோட்டம், மாடு ஆகியவையே இப்பகுதியின் வாழ்வாதாரம்.

மேல்மண் அரிபட்டு, மரப்போர்வை குறைந்து, நீரைப் பிடித்து வைக்கும் திறனை நிலம் இழப்பதே நிலச் சீரழிவு. இதைத் தடுப்பதற்கான, பாலைவனமாதலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1994 ஜூன் 17இல் நிறைவேறியது. இலங்கை 1998இல் அதை உறுதிப்படுத்தியது. உடன்படிக்கை நிறைவேறிய ஜூன் 17ஆம் நாளே பாலைவனமாதலுக்கு எதிரான உலக நாளாக ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. வன்னியில் பாலைவனம் இல்லை. ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கொட்டித் தீர்த்துவிட்டு, சித்திரைக்குப் பின் வெயிலும் சோளகக் காற்றும் மாதக்கணக்கில் உலர்த்தும் இந்த உலர்வலயத்தில் வெறுமையாய்க் கிடக்கும் நிலம் விரைவில் கெடும்.

காரணங்கள்

வன்னி மேட்டுநிலங்களில் பரவலாகக் காணப்படும் செங்கபில மண், காய்ந்தால் மண்வெட்டி இறங்காத அளவுக்கு இறுகும். நனைந்தால் காலில் அப்பும். சருகோ புல்லோ மூடாத நிலத்தில் முதல் மழைத்துளிகள் விழும்போது மண்கட்டிகள் உடைகின்றன. அதில் வரும் நுண்துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்து மெல்லிய ஓடாகப் படிகின்றன. அடுத்த மழை அந்த ஓட்டின் மேலால் ஓடும். ஒழுங்கைகளில் சிவப்பாக ஓடும் அந்த நீர் மேல்மண்ணையும் தழைச்சத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது. வழியில் மறிக்க ஒன்றும் இல்லையென்றால் அந்த மண் குளத்தில் போய்ப் படியும். மேட்டில் மண் கெட, கீழே குளம் ஆழம் குறைகிறது. இரண்டையும் தனித்தனிச் சிக்கலாகப் பார்ப்பது தவறு.

போர் இந்த நிலத்தின் மேல் பெருஞ்சுமையை ஏற்றியது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தோரில் பலர் வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரும் வெறுமையானபோது ஸ்கந்தபுரமும் அக்கராயனும் மல்லாவியும் இடம்பெயர்ந்தோரால் நிரம்பின. கொட்டிலுக்குத் தடியும் அடுப்புக்கு விறகும் பக்கத்துக் காட்டிலிருந்தே வந்தன. வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. 2009க்குப் பின்னர் மீளக் குடியமர்ந்தவர்கள் பலர் பற்றை மூடிய காணிகளையும் பராமரிப்பற்ற வாய்க்கால்களையுமே கண்டனர்.

இன்று கண்முன்னே நடக்கும் கேடு மணல் அகழ்வு. வன்னியின் பல ஆறுகளைப் போல அக்கராயன் ஆறும் மழைக்காலத்தில் மட்டுமே பெருகும். அதன் படுகை மணலே வெள்ளத்தின் ஒரு பங்கை உறிஞ்சி வைத்து அயற்கிணறுகளுக்கு ஊற்றாகிறது. மணலை அள்ளினால் படுகை தாழும், கரை இடியும், மருதமரங்களின் வேர் வெளியே தெரியும், கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி மணல் அகழவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மணல் ஏற்ற இரவில் வரும் உழவு இயந்திரத்தைத் தனியொருவர் மறிப்பது ஆபத்து. கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து எழுத்தில் முறையிட்டால் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மீட்பில் மக்கள் பங்கு

மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியது குளத்து நீர் ஏறி இறங்கும் மேற்புற ஓரமான அலைகரையை உழாமல் விடுவது. குளத்தின் மேற்புறத்தில் மரமும் புல்லும் நின்றால் வரும் நீரிலுள்ள மண்டி அங்கேயே தங்கிவிடும். ஒரு குளத்தின் வான்நீர் அடுத்த குளத்தை நிரப்பும் இலங்கை உலர்வலயக் குளத்தொடர்களில் இந்த மரவரிசையும் அமைப்பின் ஓர் உறுப்பாகவே இருந்தது. உணவு விவசாய அமைப்பு 2017இல் அக்குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமையாக ஏற்றது. கோடையில் நீர் வற்றியதும் அலைகரைக்குள் பயிர் வைப்பது ஒரு போக இலாபம். ஆனால் அதனால் குளம் தூர்ந்தால் அதன் கீழுள்ள வயலுக்கெல்லாம் நட்டம். காலபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் துருசு திறக்கும் திகதியோடு இதையும் பேசி முடிவெடுக்கலாம்.

மேட்டுக்காணியில் சமமட்ட வரம்பு கட்டுவதற்குப் பொறியியலாளர் தேவையில்லை. ஒரே நீளமான இரண்டு தடிகளை மேல்நுனியில் கட்டி, கால்களை விரித்து, நடுவே ஒரு குறுக்குத்தடி பொருத்தி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். சமதரையில் வைத்து நூல் குறுக்குத்தடியைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டால் கருவி தயார். சரிவின் குறுக்கே ஒரு காலை ஊன்றி மறுகாலை நகர்த்தும்போது நூல் குறியில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டம். அங்கே முளை அடிக்கலாம். முளைகளின் வழியே வரம்பு போட்டு வெட்டிவேரோ சீமைக்கிளுவையோ நட்டால் ஓடும் நீர் நின்று இறங்கும். சீமைக்கிளுவை வேலிக்கும் ஆகும். வெட்ட வெட்டத் தழைக்கும் அதன் இலை வயலுக்கு நல்ல பசளை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது, வேலியில் தழை வைத்திருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பது தெளிவாகியது.

வடக்கு மாகாண சபைக் காலத்தில் கார்த்திகை மரநடுகை மாதமாக அறிவிக்கப்பட்டது. காலத்தேர்வு மிகச் சரியானது: மழையோடு வேர் பிடிக்கும். ஆனால் கன்று பிழைப்பது அடுத்த ஆனி, ஆடியில்தான் தீர்மானமாகிறது. நட்ட கன்றுகளைக் கணக்கிடுவதை விட, சோளகம் முடிந்தபின் உயிரோடு நிற்பவற்றைக் கணக்கிடுவதே நேர்மையான அளவு. சரிவின் கீழ்ப்பக்கம் பிறைவடிவில் மண் அணைத்து, அடியில் சருகு மூடி, மாடு கடிக்காமல் முட்கிளையால் அடைத்தால் ஊற்றும் தண்ணீர் வீணாகாது. பாலை, மருது, வேம்பு, பனை ஆகிய இம்மண்ணின் மரங்களே முதலில் நட ஏற்றவை.

1980களின் பிற்பகுதியில் வவுனியாவில் காணப்பட்டுப் பின் வடக்கெங்கும் பரவிய பாதீனியம் என்னும் களை மேய்ச்சல் தரையைத் தின்கிறது. ஒரு செடியே பல்லாயிரம் விதை உதிர்க்கும். பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். தோல் ஒவ்வாமையும் மூச்சிரைப்பும் தரும் செடி என்பதால் பிள்ளைகளை இவ்வேலையில் சேர்க்கக்கூடாது. காட்டோரம் துப்புரவு செய்யும்போது சந்தேகமான உலோகப்பொருள் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளமிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் நிறைவடையவில்லை.