திமிரியும் பாரியும்

கோயில் வாயிலிலும் மணப்பந்தரிலும் நாகசுரம் ஒலிக்கக் கேளாத தமிழர் இலர். எனினும், அக்கருவி தொன்றுதொட்டு இன்றுள்ளவாறே இருந்து வந்ததென்று கருதுவோர் பலர். அஃது உண்மையன்று. சென்ற நூற்றாண்டில் அதன் வடிவும், சுருதியும், அதனைக் கேட்கும் இடமும் மாறின. அம்மாற்றத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

முன்னாளில் பெருவழக்காயிருந்தது திமிரி. அது நீளத்திற் குறுகியது, உச்சமான சுருதியுடையது. திருவீதியில், தவில் முழக்கையும் திரளின் ஆரவாரத்தையும் கடந்து நெடுந்தொலைவு கேட்கவேண்டிய கருவிக்கு அவ்வுச்சம் வேண்டுவதே. சுவாமி புறப்படுகையில் மல்லாரி, விடியலிற் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என, வேளைக்கும் வினைக்கும் ஏற்ப வாசிப்பு முறை வகுக்கப்பெற்றிருந்தது. நான்கு வீதியும் வலம்வந்து இறைவன் திரும்புமளவும் ஓர் இராகத்தை விரித்தூதுதற்கு இரவு இடந்தந்தது. இருந்து கேட்டற்கு ஊரார் இருந்தனர். சாகித்தியத்தின் துணையின்றி இராகத்தின் உருவையே நிறுத்திக் காட்டும் ஆற்றல் இம்மரபில் ஓங்கி வளர்ந்ததற்கு இதுவே காரணமென்பது எம் கருத்து.

இம்மரபில் தோன்றியவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). நீண்டதும் தாழ்ந்த சுருதியுடையதுமான பாரி நாகசுரத்தைக் கச்சேரி மேடையில் நிலைபெறச் செய்த பெருமை அவருக்கே உரியது. பாரி ஏறக்குறைய இரண்டரை அடி நீளமுடையது. அதன் நாதம் மிடற்றிசையின் குழைவை அணுகுவது. வீதியினும் மண்டபத்திற்குப் பெரிதும் இயைவது.

ஆயின், ஒரு குறை இருந்தது. பழைய அமைப்பிற் பிரதி மத்திமம் எளிதிற் பேசும். சுத்த மத்திமத்தைத் தூய்மையாகப் பேசுவித்தல் அரிது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் வாழ்ந்த இரங்கநாத ஆசாரியார், துளைகளின் அளவையும் இடத்தையும் ஆராய்ந்து அக்குறையைத் தீர்த்தார். பிள்ளையவர்களின் பெயரோடு ஒட்டிய தோடி, சுத்த மத்திமம் கொண்ட இராகமென்பதை அன்பர்கள் நினைவுகூர்க. வாசிப்பவர் மனத்தில் எழுந்த நாதத்திற்குக் கடைசலாளர் கை உருவம் கொடுத்தது. பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடிக் கொணர்ந்து, கடைந்து துளையிடும் அவ்வூரார் தொழிலுக்கு, 2022ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது.

மணிக்கணக்காகத் தோடியை விரிக்கவல்ல அவர், இசைத்தட்டிற்கும் அதனை வாசித்தார். அக்காலத் தட்டு ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிஷத்திற்குச் சற்றே மிகுதியாகக் கொள்ளும். கடலைக் கமண்டலத்தில் அடக்கியதொக்கும் அது. எனினும், திருவிழாவிற்கு வர இயலாத ஊர்கட்கும் அத்தட்டு சென்றது. ஆந்திர நாட்டில், வழிவழியாக நாகசுரம் பயின்ற முஸ்லிம் குடியிற் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999), பிள்ளையவர்களின் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்தவர். தஞ்சைப் பாணியைக் கற்றுத் திருவரங்கத்திற் குடியேறி, 1998ஆம் ஆண்டிற் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிள்ளையவர்களின் மாணாக்கராகிய காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பை, 1962ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் வாயிலாக நாடே கேட்டது. கலை ஒரு குடிக்கோ ஓர் ஊருக்கோ அடங்குவதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்றைய நிலை யாது? மார்கழி இசைவிழாக்களின் தொடக்கத்தில் மங்கல இசையாக நாகசுரம் வைக்கப்படுகின்றது. நாகசுரத்திற்கெனத் தனி விழா நடத்தும் சபைகளும் உள, அவற்றைப் போற்றுகின்றோம். பெரும்பாலும், மங்கலம் என்னும் மதிப்பே அதற்குத் தடையாயிற்று. வாசிப்பைத் தொடக்கத்தின் அடையாளமாகக் கொண்டு, அவையோர் அதன்பின் வந்து அமர்கின்றனர். திருமணத்திலோ, இராகம் உருப்பெறும் வேளையிற் ‘கெட்டிமேளம்’ என்று கைகாட்டி நிறுத்துகின்றோம். சில கோயில்களில், மின்விசையால் இயங்கும் முரசும் மணியும், பதிவுசெய்த இசையும் காலப் பூசைக்குப் போதுமென்றாயின. அன்று ஒருவரின் தோடியைக் காத்த பதிவே, இன்று மற்றொருவரின் ஊதியத்தைப் பறிப்பதாயின், அது பதிவின் பிழையன்று. கேட்கும் நம் பிழையே.

இளைஞர்கள் இசைப்பள்ளிகளிற் பயின்று வெளிவருகின்றனர். கருவி செய்வோரும் உளர். குறைந்தது கேட்போரே. ஆதலின் நம் அன்பர்களை ஒன்று வேண்டுகின்றோம். நம் இல்லத் திருமணங்களில், முகூர்த்தத்திற்கு முதல்நாள் மாலை ஒரு மணி நேரத்தை நாகசுரத்திற்கென ஒதுக்குக. வித்துவானுக்கு மேடையிட்டு, அவர் விரும்பும் இராகத்தை வாசிக்கச் செய்து, பெரியோரும் சிறியோரும் அவர்முன் அமர்ந்து கேட்க. அழைப்பிதழில் அவர் பெயரையும் தவில் வித்துவான் பெயரையும் அச்சிடுக. இதற்குப் பெருஞ்செலவு இல்லை, மனமே வேண்டும்.